மூன்றாம் மாடிக்கு ஒரு சைக்கிள்

தனேஸ்வரன் வீட்டை விட்டுக் கீழே இறங்குவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் மட்டும்தான். ஈப்போவின் புந்தோங் பகுதியில், லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் அவர் வீடு. இனிப்புநீர் வியாதியால் பாதத்தில் வந்த புண் ஆறாமல் போய், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் ஜெலாப்பாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பொய்க்கால் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நன்றாகவே நடப்பார். படி என்று யாராவது பேச்செடுத்தால், "அப்புறம் பாத்துக்கலாம்லா" என்று டிவியைப் போட்டுவிடுவார்.

அவர் மனைவி புஷ்பலதாவும் ஜெலாப்பாங்கில்தான் வேலை செய்தாள், ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல். முன்பெல்லாம் மோட்டார்சைக்கிளில் அவளை இறக்கிவிட்டுத்தான் அவர் கிடங்குக்குப் போவார். கால் போனபின் மோட்டாரை விற்றார்கள். அவள் கம்பெனி வேனில் போய்வந்தாள். இந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு வேனை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸை நம்பிப் போனால் உலை வைக்க நேரமாகிவிடும். மோட்டார் பழகச் சொன்னதற்குக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சைக்கிள்னா ஓட்டுவேன். சுங்கை சிப்புட்ல தோட்டத்துல இருந்து ஸ்கூலுக்கு அதுலதானே போனேன்."

அவள் பேச்சுவாக்கில் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். பகல் முழுக்கக் கைப்பேசியில் மின்சைக்கிள்களைப் பார்த்தார். கீழே பூட்டி வைக்க வழியில்லை. இரண்டாம் மாடி கருப்பம்மாள் அக்கா மகனின் மோட்டாரையே போன மாதம் சங்கிலியை வெட்டிக் கொண்டுபோயிருந்தார்கள். அப்படியானால் மடித்துத் தூக்கி வருகிற மாதிரி வேண்டும். தூக்கப்போவது அவள். அதனால் லேசாக இருக்க வேண்டும். இப்படியே போய், கடைசியில் பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஒரு கார்பன் சைக்கிளில் அவர் மனம் நின்றது. விலை ஒன்பதாயிரம் வெள்ளி.

"அந்தக் காசுக்கு ரெண்டு மோட்டாரு வாங்கலாங்க" என்றாள் புஷ்பலதா.

"மோட்டார நீ மூணு மாடி தூக்கிட்டு வருவியா?"

"கொறஞ்ச வெலையில இல்லையா?"

"இருக்கு. மூவாயிரம். ஆனா பதினெட்டு கிலோ."

பதினெட்டு கிலோ எப்படியிருக்கும் என்று பார்த்துவிட அவளுக்கு ஆசை. அரிசி மூட்டை, எண்ணெய்ப் போத்தல், சீனி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக் கீழே எடுத்துப்போய், அங்கிருந்து திரும்பத் தூக்கிக்கொண்டு ஏறினாள். தனேஸ்வரன் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடியில் செருப்புச் சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

"பெராட்டா இருக்குலா, ரொம்ப கனம்" என்று வாசலில் சாக்கை இறக்கினாள். கழுத்தெல்லாம் வியர்வை.

"பாத்தியா? லேசானதுதான் வாங்கணும்."

"பெட்ரோலுக்கே கணக்கு பாத்த ஆளு நீங்க. இப்ப என்ன வந்துச்சு?"

"நான்தான் உன்ன ஏத்திட்டுப் போனேன். இப்ப முடியல. பேங்குல சேத்து வச்ச பணம் சும்மாதானே கெடக்கு" என்றார்.

அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. சாக்கைப் பிரித்து அரிசியை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை கடைக்குப் போவதென்று முடிவானது. கைப்பேசியில் பார்த்து வாங்கினால் போதும் என்று அவள் சொன்னாள். தொட்டுப் பார்க்காமல் வாங்க முடியாது என்று அவர் பிடிவாதமாக இறங்கினார். அவள் ஒரு படி கீழே, அவரைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினாள். இரண்டாம் மாடியில் கருப்பம்மாள் அக்கா நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தால் எழ முடியாதென்று பயந்து அவர் நின்றே இளைப்பாறினார்.

ஈப்போ பழைய டவுனில் இருந்தது கடை. கடைக்காரத் தவுக்கே அவசரப்படுத்தாத மனிதர்; மலாயில் பேசியபடி இரண்டு சைக்கிளையும் நடைபாதையில் கொண்டுவந்து நிறுத்தினார். புஷ்பலதா முதலில் தள்ளாடினாள். அடுத்த சுற்றில் மணியடித்துக்கொண்டு வந்தாள். கார்பன் சைக்கிளை மடித்துக் கொடுத்தபோது ஒற்றைக் கையால் தூக்கிவிட்டுச் சிரித்தாள். விலைச் சீட்டைப் பார்த்ததும் மெதுவாகக் கீழே வைத்தாள். மற்றதை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"இது போதும். பழகிக்குவேன்."

"பழகி இடுப்ப ஒடச்சுக்கவா?" என்று தனேஸ்வரன் கோபப்பட்டார். அவர் குனிந்து அந்தக் கனமான சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பேட்டரி தனியாக வருமா என்று தவுக்கேயிடம் கேட்டார். தவுக்கே சாவியைத் திருகி அதை உருவிக் கொடுத்தார். சுடுதண்ணீர்ப் போத்தல் அளவு. கனம் நான்கு கிலோ.

"இப்பத் தூக்கு."

தூக்கினாள். "இது பரவால்ல. ஆனா அத யாரு தூக்குறது?"

அவர் பேட்டரியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்தார். வாசற்படியில் இறங்கி ஏறினார்.

"நான் தூக்குறேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான். நீ வர்ற நேரத்துக்குக் கீழ வாரேன்."

புஷ்பலதா அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தவுக்கே பக்கம் திரும்பி விலை பேச ஆரம்பித்தாள். விலை குறையவில்லை, தலைக்கவசம் ஒன்று இலவசமாகக் கிடைத்தது.

முதல் வாரம் துணையில்லாமல் அவரால் இரண்டாம் மாடி வரைதான் இறங்க முடிந்தது. அவள் சைக்கிளைக் கருப்பம்மாள் அக்கா வாசலில் வைத்துவிட்டு, திரும்பக் கீழே போய்ப் பேட்டரியைக் கொண்டுவந்து அவரிடம் கொடுப்பாள். பொய்க்கால் உரசி இரண்டு நாள் ஓய்வெடுத்தார். அதற்கடுத்த வாரம் தரைத் தளத்தைத் தொட்டார். கொஞ்ச நாளில் அவள் வருவதற்கு வெகுநேரம் முன்பே இறங்கி, பிச்சைமுத்துவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து வம்பு பேசத் தொடங்கினார். வீட்டில் டிவி ஓடுவது குறைந்தது.

சைக்கிள் தொல்லையே தரவில்லை என்று சொல்ல முடியாது. ஒருநாள் பாதி வழியில் பின்சக்கரம் பஞ்சராகி, வெயிலில் புந்தோங் வரை தள்ளிக்கொண்டே வந்தாள்.

"ஒம்பதாயிரம் வெள்ளி சைக்கிளையே வாங்கித் தொலைச்சிருக்கலாம்!" என்று வந்ததும் வராததுமாகக் கத்தினாள்.

"அதுக்கும் டயருதான் புஷ்பா."

அன்று மாலை சமையலறைத் தரையில் ஒரு பேசின் தண்ணீரோடு அவர் உட்கார்ந்தார். டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பார்த்தார். அடுப்பில் கெம்போங் மீன் பொரிந்துகொண்டிருந்தது. அவள் கரண்டியோடு குனிந்து எட்டிப் பார்த்து, "அங்க குமிழி வருது பாருங்க, அந்த ஓரத்துல" என்றாள். அவர் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, துடைக்கத் துணி கேட்டார்.