பெரிய வெள்ளிப் பேச்சு

தெருப் பையன்கள் என்னை "ஏலே, பிலாத்து மவனே!" என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, உள்ளுக்குள் பெருமைதான். பெரிய வெள்ளியன்று எங்கள் கடற்கரைக் கோயிலில் சேசு சிலுவையில் பட்ட பாடுகளை மூன்று பேர் ராகம் போட்டுப் பாடுவார்கள். நடந்ததைச் சொல்லி வருபவர் உபதேசியார். சேசுவை விசாரித்துத் தீர்ப்பிடும் பிலாத்துவும் மற்றவர்களும் பேசுகிற இடமெல்லாம் என் அப்பாவுக்கு. சாமியாருக்கு ராகம் வராது. ஆகவே அவர் பாடவேண்டிய, சேசு பேசுகிற இடங்கள் சித்தப்பாவுக்கு வந்தன.

அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. தாத்தாவின் மீன்பிடி வள்ளம் யாருக்கு என்பதில் வந்த சண்டை. கரையில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி போய்விடுவார்கள். பெரிய வெள்ளியன்று மட்டும் பீடத்துக்கு முன்னால் அப்பா ராகம் இழுத்துக் கேள்வி கேட்பார். சித்தப்பா அவர் முகத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பதில் பாடுவார்.

அம்மாவுக்கு அது போதவில்லை. ஒரு வருசம், பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் சாமியாரிடம் போய், இருவரையும் எப்படியாவது சேர்த்துவைக்கும்படி கேட்டுவிட்டு வந்தாள். சாமியார் இருவரையும் கூப்பிட்டார்.

"பேசாத ஆளுக பீடத்துல சேந்து நிக்கப்படாது. சமாதானமாயிட்டுப் பாடுங்க. இல்லன்னா வேற ஆளு வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். "நீங்க மூத்தவங்க. ஒரு வார்த்த பேசுனா கொறஞ்சா போவீங்க?"

"ஏளா, எளையவன் அவன்தான? அவன் மொதல்ல வாயத் தொறக்கட்டும்."

மூத்தவர் முதலில் வரட்டும் என்று சித்தப்பா வீட்டிலும் அதே பேச்சாம்.

அந்தப் பெரிய வெள்ளியில் வாத்தியார்கள் இரண்டு பேர் மைக்கில் வாசித்தார்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்று எனக்குச் சந்தோசம். பிலாத்துவின் கேள்வி வந்தபோது தூணோரம் நின்ற அப்பாவின் உதடு அசைந்தது. வாசல் பக்கம் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த தபசுக்குள் சித்தப்பா குடும்பத்தோடு கொல்லத்துக்குத் தொழிலுக்குப் போனார். பிறகு அப்பா அவரைப் பார்த்தது சவப்பெட்டியில்தான். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள இருந்த இடம் அந்தப் பாட்டு ஒன்றுதான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

வாத்தியார்கள் வாசித்த அந்தப் பெரிய வெள்ளியன்று பெண்கள் பக்கத்தில் அம்மாவின் மடியோரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். சேசுவுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, அவள் காதோரம் போய்ச் சொன்னேன்:

"அழாதம்மா, ஞாயித்துக்கெழம உயிர்த்துருவாருல்லா."

அம்மாவின் அழுகை கூடிவிட்டது. ஏனென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.