அறுபது டிகிரிப் பசை

"ஒண்ணு… ரெண்டு… மூணு…"

கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, சொட்டு விழுவதற்குள் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்க்கிறார் பசை மாஸ்டர்.

"இன்னும் ஆகலையா?" என்று கூடத்திலிருந்து வீட்டம்மாவின் குரல்.

"எண்ணும்போது கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார்.

துணியில் பூ அச்சடிக்கும் ஆலையில் சாயத்துக்குப் பசை காய்ச்சுவது அவர் தொழில். இருபத்தாறு வருஷம். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தே பதம் சொல்லிவிடுவார். பதம் அளக்கும் மெஷின் பிறகு அதையே சொல்லும். "பேருதான் பசை மாஸ்டர், பையில பசை கிடையாது" என்பார். அதற்கு முதலில் சிரிப்பவரும் அவரே.

நாலு மாதத்துக்கு முன் வீட்டம்மாவுக்குப் பக்கவாதம். நடை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. தண்ணீர்தான் வழி தவறி மூச்சுக்குழலுக்குள் போகிறது. எதைக் குடித்தாலும் தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் குடிக்க வேண்டும் என்றாள், ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி தரும் பெண். கடைப் பொடியைக் கலந்து நீட்டினால் வீட்டம்மா உதட்டைப் பூட்டிக்கொண்டாள். "மாவைக் கரைச்சுக் குடுத்துட்டு டீன்னு சொல்லாதீங்க." நாளுக்கு நாள் குடிப்பது குறைந்து நாக்கு வறண்டது. இப்படியே போனால் குழாய் வைத்துத்தான் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பசைதானே, நமக்குத் தெரியாததா என்று, வெந்நீரில் போட்டால் வழவழவென்று பசை விடும் ஆளி விதையை வாங்கிவந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும். ஆலைப் பழக்கத்தில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, வேகமாகக் கடைந்தும்விட்டார். விதை உடைந்து எண்ணெய் இறங்கி, பழுப்பாக ஒரு கூழ். வீட்டம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "நான் என்ன துணியா? தொண்டையில பூப் போடப் போறீங்களா?" என்றாள்.

இவர் விடாக்கண்டன் என்றால் அவள் கொடாக்கண்டன். சூட்டைக் குறைத்தால் பசை இறங்காது. தண்ணீரைக் கூட்டினால் ஓடிவிடும். அதிக நேரம் ஊறினால் விதை வாசனை. ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது அவர் சட்டம். "ரெண்டை மாத்தினா எது கெடுத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" எல்லாம் நோட்டில் ஏறும். பயிற்சிப் பெண்ணிடம் குப்பியில் கொண்டுபோய்க் காட்டி, அவள் தலையாட்டிய பதம்தான் வீட்டில் டீயில் சேரும்.

இன்று நோட்டில் முப்பத்தெட்டாம் வரி. ஒரு பங்கு விதை, பதினைந்து பங்கு தண்ணீர், அறுபது டிகிரி, முக்கால் மணி நேரம். கடையவில்லை, பாத்திரத்தை அசைத்ததோடு சரி. வடிகட்டிய பசை நிறமில்லாமல் இறங்கியிருக்கிறது. நேற்றுக் குப்பியில் பார்த்துப் பயிற்சிப் பெண் தலையாட்டிய பதம்; டீயில் கலந்து நீட்டுகிறார்.

வீட்டம்மா நிமிர்ந்து உட்கார்ந்து தம்ளரை வாங்கிக்கொள்கிறாள். மாஸ்டரின் கண் அவள் கழுத்தில். அவள் விழுங்கும்போது இவர் தொண்டையும் கூடவே ஏறி இறங்குகிறது. ஒரு மிடறு. இருமல் இல்லை. இன்னொன்று. அப்பாடா, அதற்கும் இல்லை. பாதித் தம்ளர் போனதும் முகத்தைச் சுளிக்கிறாள்.

மாஸ்டர் பேனாவைத் திறக்கிறார். "என்ன, வாசனை வருதா? வழவழங்குதா?"

"சக்கரை கம்மி."

இத்தனை நாளில் பசையைப் பற்றி இல்லாத முதல் குறை. மாஸ்டர் ஒன்றும் எழுதவில்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்து, கரண்டியைக்கூடத் தேடாமல், கையாலேயே அள்ளிப் போடுகிறார்.