மேடு ஏறாத காரும் புதுக் காற்றுக் குழாயும்

என் வீட்டுக்காரருக்கு இந்தத் தெருவில் 'பாத்துக்கலாம்' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கார் புகைகிறது என்று வந்தாலும் பாத்துக்கலாம், பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தாலும் பாத்துக்கலாம், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நான் தலையில் அடித்துக்கொண்டாலும் பாத்துக்கலாம். கார்களை எப்படியோ பார்த்துவிடுவார். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு தகரக் கதவு. அதைச் சாத்தினாலும் திறந்தாலும் அங்கே பேசுவது அடுப்படியில் எனக்குக் கேட்கும். தலையணையில்கூட கிரீஸ் வாசனை. காலையில் எழும்போதே மனிதர் களைத்துப்போய்த்தான் எழுவார். "தூங்கினீங்களா, இல்ல தூக்கத்துலயும் ஸ்பேனர் பிடிச்சீங்களா?" என்று கேட்பேன். விரல்கள் மடங்கவே நேரம் பிடிக்கும், முதல் டீயை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடிப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

கொஞ்ச காலமாக அவரைப் பாடாய்ப் படுத்தியது ஏர் இன்டேக் என்ற சமாச்சாரம். எஞ்சினுக்குள் காற்று போக கம்பெனிக்காரன் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியும் குழாயும் வைத்திருப்பான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்று ஒரு அலுமினியக் குழாயும் அதன் நுனியில் காளான் மாதிரி ஒரு சிவப்பு வடிகட்டியும் மாட்டுகிறார்கள். மெயின் ரோட்டில் காருக்கு அலங்காரச் சாமான் விற்கும் கடையில் அதுதான் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும். மாட்டினால் வண்டி பறக்கும் என்று கடைக்காரர் சொல்வார். மாட்டியவர்கள், பறக்கவில்லையே என்று இவரிடம் வந்து நிற்பார்கள்.

"மூக்கைப் பெருசாக்கினா நெஞ்சுக்கூடு பெருசாயிடுமா?" என்று கேட்பார் இவர். "எஞ்சினுக்கு எவ்வளவு காத்து வேணும்னு கணக்குப் போட்டுத்தான் அந்தப் பெட்டியை வச்சிருக்கான். அது வெளியில இருக்கிற குளிர்ந்த காத்தை எடுக்குது. நீங்க மாட்டின காளான் எஞ்சின் சூட்டுலயே உக்காந்து மூச்சு விடுது. பந்தயக் கார்ல மத்ததெல்லாம் மாத்தி, கூட இதையும் மாத்தினா ஏதோ கொஞ்சம் கிடைக்கும். உங்களுக்கு சத்தம் ஏறும், வேகம் ஏறாது."

வந்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். "காசு போட்டவன்கிட்ட கொஞ்சம் இதமாச் சொன்னா என்ன?" என்பேன். "சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, இதுல இதம் வேற" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த தம்பி, அதாவது என் கொழுந்தன், வாடகைக் கார் ஓட்டுகிறவன். அண்ணன் எவ்வளவு மெதுவோ தம்பி அவ்வளவு துடிப்பு. எப்போது வந்தாலும் "அண்ணி, டீ இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் தகரக் கதவைத் திறப்பான். ஊர் எல்லையில், தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டின் உச்சியில் ஒரு தையல் கம்பெனி இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டி வரும் நிரந்தர வேலை அவனுக்கு. அந்த ஒரு வேலையை நம்பித்தான் அவன் கல்யாணமே செய்துகொண்டான்.

திடீரென்று அவன் வண்டி இழுவை இழந்தது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது, தொட்டி மேட்டில் பாதி ஏறியதும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். என் வீட்டுக்காரர் பார்க்காத இடமில்லை. ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், பெட்ரோல் பம்ப்பைக் கழற்றி மாட்டினார், கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிட்டார். காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்து, "இது புதுசு மாதிரியே இருக்குடா, தூசியே இல்ல" என்று திரும்ப மாட்டினார். வண்டி அப்படியேதான் இருந்தது.

கடைசியில் ஒருநாள் அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டார். "வண்டியில ஒன்னும் இல்லடா. நீ கியர் மாத்துற லட்சணம்தான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

பட்டறையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அன்று டீ குடிக்காமலேயே போனான்.

அந்த மழைக்காலம் முழுக்க, மேடு ஏறும்போது பாதி வழியில் இரண்டு பெண்களை இறக்கிவிட்டு, மிச்சப் பேரை மட்டும் மேலே கொண்டுபோய் விடுவானாம். இறங்கியவர்கள் நடந்துதான் ஏற வேண்டும். கார் ஸ்டாண்டில் அவனுக்கு 'இறங்கி நட' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நேரத்துக்கு வேலைக்கு வர முடியவில்லை என்று பெண்கள் புகார் கொடுக்க, கம்பெனிக்காரர்கள் வேறொரு வண்டியை வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் அவன் அலங்காரக் கடைக்குப் போனான். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏன் கேட்பான்? சிவப்புக் காளானை மாட்டிக்கொண்டு நேராகத் தொட்டி மேட்டுக்கு விட்டிருக்கிறான். வண்டி ஒரே மூச்சில் உச்சிக்குப் போய் நின்றதாம்.

பட்டறைக்குள் உறுமிக்கொண்டு நுழைந்தவன் ஒரு கோணியை அண்ணன் காலடியில் போட்டான். "இந்தா, உன் கம்பெனிப் பெட்டி, கம்பெனிக் குழாய். உன் குப்பையோட குப்பையாப் போடு. மூக்கு, நெஞ்சுக்கூடுன்னு கதை விட்டியே அண்ணா? என் வண்டியப் பாரு!"

இவர் பானெட்டைத் திறந்து பார்த்தார், ஓட்டியும் பார்த்தார். திரும்பி வந்து, "நல்லாத்தான் இழுக்குது" என்றார். அந்த வார்த்தையைச் சொல்வதற்குள் அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் சொன்னது பொய்யாகிவிட்டதே!

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் குழாயின் பெருமைதான். கடைக்காரர் விடுவாரா? "என்னோட கூட்டுச் சேந்துக்கோ, நீ சொன்னா நாலு பேர் நம்புவாங்க" என்றாராம். காரை விற்று அந்தப் பணத்தைக் கடையில் போடுவதென்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கார் வாங்க ஆள் வருகிறது. அண்ணன் கூட நின்று வண்டி நல்ல வண்டிதான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை மதியம். என் வீட்டுக்காரர் எதையும் தூக்கிப் போடுகிற ரகம் இல்லை. யாருக்காவது ஆகும் என்று அந்தக் கோணியை அவிழ்த்து, பெட்டியையும் குழாயையும் கழுவ உட்கார்ந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்தா, இங்க கொஞ்சம் வாயேன்."

அந்தக் குரலே சரியில்லை. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். குழாயின் ஒரு பக்கம் தண்ணீரை ஊற்றினார். மறுபக்கம் சொட்டுச் சொட்டாக வந்தது. வளைவுக்குள் குறடு விட்டு இழுத்தார். கரிபோலக் கறுத்து, சுருண்டுபோன துணி ஒன்று வந்தது. அலசியதும் நீலப் பூக்கள் தெரிந்தன.

"இது உன்னோடதா?"

என்னுடையதுதான், என் பழைய நைட்டி. பட்டறைக்குக் கந்தல் கொடுப்பது நான்தானே. எஞ்சினைக் கழுவும் முன்பு தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க, காற்று நுழையும் குழாய் வாயில் துணி அடைப்பது இவர் வழக்கம். மறக்காமல் எடுக்க வேண்டும் என்பதற்காக ஒரு நுனியை வெளியே வால் மாதிரி தொங்க விடுவார். தம்பியின் வண்டியை இவர் கழுவிய அன்று பாதியில் ஒரு போன். நடுரோட்டில் ஒரு வேன் நின்றுவிட்டது என்று ஓடினார். மழையில் நனைந்து, வேனைத் தள்ளி, செத்துச் சுண்ணாம்பாகித் திரும்பி வந்தவர் பானெட்டைச் சாத்திச் சாவியைக் கொடுத்துவிட்டார். எஞ்சின் ஓடிய ஓட்டத்தில் துணி வாலோடு உள்ளே போய் வளைவில் சிக்கிக்கொண்டது. காற்றே சரியாகப் போகாதபோது வடிகட்டியில் தூசி எங்கே இருக்கும்! குழாயை மாற்றியதும் துணியும் கூடவே போய்விட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. நாக்கு நுனிவரை வந்தது. அவரைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, அந்தத் துணியை மடியில் விரித்து மடித்து, மறுபடி விரித்துக்கொண்டிருந்தார்.

"கியர் மாத்தத் தெரியலன்னு சொன்னேன்" என்றார். "நாலு பேர் முன்னாடி சொன்னேன்."

"சொன்னது சொல்லியாச்சு. இப்பப் போய் இதைக் காட்டினா அவன் உங்க மூஞ்சியிலகூட முழிக்க மாட்டான். அவனுக்கு வண்டி ஓடுது, உங்களுக்கு வேலை கிடக்குது. அடுப்புல போடுங்க அந்தக் கந்தலை." எனக்குப் பயமாக இருந்தது, அதனால் கத்தினேன். இவருக்கு இருக்கிற ஒரே ரத்த உறவு அவன்.

"போட்டுட்டா? அவன் வண்டிய வித்துடுவான். அப்புறம் கடையில நின்னு குழாய் விப்பான். வாங்கினவனெல்லாம் ஒன்னும் ஏறலியேன்னு அவன் சட்டையப் பிடிப்பான். அப்ப அவன்கிட்ட காரும் இருக்காது, கடையும் இருக்காது."

நான் போய் மிச்ச வெங்காயத்தை நறுக்கினேன். அன்று அவர் சாப்பிடவில்லை. பாத்துக்கலாம் என்று ஒரு தடவை சொல்லித் தொலைய மாட்டாரா என்று இருந்தது.

மறுநாள் மதியம் தம்பியை வரச் சொன்னார். "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பழைய பெட்டியப் போட்டு மேடு ஏறிப் பாப்போம்" என்றார். "இன்னும் நம்பலியா அண்ணா? வா, உனக்காகப் பழசையே மாட்டு" என்று சிரித்தான் தம்பி. பத்து நிமிஷ வேலை. நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். இரண்டு பேரும் அடித்துக்கொண்டால் விலக்க ஆள் வேண்டாமா?

வெயில் கொளுத்தியது. தம்பி எகத்தாளமாகத்தான் மேட்டில் விட்டான். பாதி வழி வந்தது. வழக்கமாகப் பெண்களை இறக்கிவிடும் இடம் அதுதான் போலிருக்கிறது, தானாகவே அவன் கை கியருக்குப் போனது. தேவையே இருக்கவில்லை. வண்டி அதே கியரில் சத்தமில்லாமல் ஏறி, உச்சியில் தொட்டிச் சுவரை ஒட்டிப் போய் நின்றது.

"புதுசு போட்டப்பவும் இப்படித்தானே ஏறிச்சு" என்றான் தம்பி. "இந்த வெயிலுக்கு இது ஒரு படி மேலன்னுகூடச் சொல்லலாம். அப்ப அத்தனை நாளா என்னதான் அண்ணா ஆச்சு இதுக்கு?"

இவர் சட்டைப் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"நான்தான்டா. கழுவறப்ப அடைச்சேன். எடுக்க மறந்துட்டேன். வண்டி மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல."

தம்பி துணியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். அவன் துணியைப் பார்த்தபடியே பேசினான்.

"மாசமா இருக்கிற பொண்ணு ஒன்னு வரும் அண்ணா. மழையில அந்தப் பொண்ணையும் ஒரு நாள் இறங்கச் சொன்னேன். எனக்கு ஓட்டத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டு, இறங்கும்மான்னு சொன்னேன். அது ஒரு வார்த்தை பேசாம இறங்கி நடந்துச்சு."

தம்பி சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினான். அந்த வெயிலில், மேட்டின் ஓரமாகக் கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தான். நாங்கள் அவன் பின்னாலேயே வண்டியை மெதுவாக ஓட்டிப் போய், "ஏறுடா" என்று கூப்பிட்டோம். அவன் திரும்பவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. இவர் அழவில்லை, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கார் வாங்க வந்தவரைத் தம்பியே திருப்பி அனுப்பிவிட்டான். கடைக்காரரிடமும் கூட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். ஆனால் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தையல் கம்பெனி வேலை அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, சின்னச் சின்ன சவாரிதான். என் வீட்டுக்காரர் போன் செய்தால் எடுக்க மாட்டான். சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கோ பார்ப்பார் இவர். யாராவது ஏர் இன்டேக் பற்றிக் கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க, வேற யாரையாவது கேளுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். எல்லாவற்றையும்விட அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையில் பட்டறை வாசலில் அந்தக் கார் நின்றது, முழுக்கச் சேறு. நான் தகரக் கதவோரம் போய் நின்றேன்.

"எஞ்சினைக் கழுவணும்" என்றான் தம்பி. அண்ணா என்ற சொல் இல்லை.

இவர் கந்தல் மூட்டையில் கையை விட்டார். "வேணாம், வை" என்று தம்பி தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்தான். கண்ணைப் பறிக்கிற சிவப்பு, ஒரு போர்வை அளவு இருக்கும். அதில் கொஞ்சத்தைக் குழாய் வாயில் தானே அடைத்தான், மிச்சம் பம்பரைத் தாண்டித் தரை வரைக்கும் தொங்கியது.

"விடுடா, நான் பாத்துக்கறேன்" என்றார் இவர்.

"நீ பாத்துக்கிட்டது போதும். கழுவு, நான் நிக்கிறேன்."

கழுவி முடிக்கும்வரை அங்கேயே நின்றான். ஒரு போன் வந்தது, இவர் எடுக்கவில்லை. தம்பி சிவப்புத் துணியை உருவி, உதறி, அண்ணன் கண் முன்னால் பிடித்துக் காட்டினான். இவர் தலையாட்டினார். அப்புறம் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், அழுக்கு எப்போதோ போயிருந்தது.

தம்பி பானெட்டைச் சாத்திவிட்டு, வாசலையே பார்த்தபடி கேட்டான்.

"அண்ணி, டீ இருக்கா?"

இரண்டு டம்ளரில் ஊற்றினேன். தகரக் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.