பன்னீர் பட்ட ஸ்னோ

எண்ணெய்க்குள் இருந்து அழகைத் தனியே பிரித்தெடுக்கலாம் என்று நம்பிய முட்டாள் யாழ்ப்பாணத்தில் ஒருவன்தான் இருந்தான். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் அவனுக்கு இரசாயனம் படிப்பிக்கும் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அந்த மேதாவி நான்தான். வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை.

யுத்தகாலம். எனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் சாவகச்சேரி. அவள் என்னை நேரில் கண்டதில்லை, படத்தைத்தான் பார்த்திருந்தாள். வில்லங்கம் அந்தப் படத்தில்தான். அதைப் பிடித்தவர் கரிச்சட்டியைக் கொடுத்தாலும் வெள்ளிச் செம்பாக்கித் தரக்கூடியவர். படத்தில் என் கன்னம் பளபளத்தது. நேரிலோ, வறண்டு வீசும் சோளகக் காற்றில் நாள்தோறும் சைக்கிள் மிதித்து, வற்றிய குளத்தின் அடிபோல் வெடித்துக் கிடந்தது. படத்தை நம்பிச் சம்மதித்தவள் மணவறையில் என்னைக் கண்டு, ‘இவர் ஆர்?’ என்று கேட்டுவிட்டால்? எனக்கு நித்திரையே வரவில்லை.

அக்காவிடம் மருந்து இருந்தது.

“நல்லெண்ணெயைப் பூசிக்கொண்டு படடா. கலியாணத்துக்கிடையிலை தோல் ஆறிப்போம்.”

“எண்ணெய் வழிஞ்ச முகத்தோடை நான் பள்ளிக்கூடம் போறதோ? எனக்கு ஸ்னோதான் வேணும்.”

ஸ்னோ என்பது அந்நாளைய நாகரிகக் களிம்பு. வெள்ளையாய் இருக்கும், பூசினால் தோலுக்குள் மறைந்துபோகும். யுத்தம் வந்தபின் பூசாமலே கடைகளில் இருந்து மறைந்துவிட்டது. நானே செய்வதென்று புத்தகத்தைப் பிரித்தேன். எண்ணெயைக் காரச் சோடாவோடு காய்ச்சி, பிறகு புளிப்பை விட்டால் அதன் கொழுப்பமிலங்கள் பிரிந்து மிதக்கும். அவற்றில் ஸ்டியரிக் என்ற ஒன்றை எடுத்து, கொஞ்சம் சோடாவும் தண்ணீரும் சேர்த்துக் கடைந்தால் ஸ்னோ. ஸ்டியரிக் அமிலம் இலுப்பெண்ணெயில் நிறைய உண்டு. ஆனால் இலுப்பெண்ணெய் நாற்றத்தோடு மணவறைக்குப் போக மனம் வரவில்லை. தேங்காயெண்ணெய்தான் வெள்ளை, வாசமும் நல்லது. கொழுப்பமிலங்கள் எல்லாம் ஒரே குடும்பம்தானே, அண்ணன் இல்லாவிட்டால் தம்பி வேலை பார்க்க மாட்டானா என்று நினைத்துவிட்டேன்.

அக்காவின் நல்ல சட்டியில் காய்ச்சினேன். புளிப்புக்கு விட்ட வினாகிரியின் மணம் ஒழுங்கை தாண்டித் தெரு முடக்குவரை போனது.

“என்னடா அது, மாட்டுக்கோ?”

“கொழுப்பமிலம், அக்கா. தோலுக்கு நல்லது.”

“உனக்கு இருக்கிற கொழுப்புக் காணாதோ?”

ஆனால் களிம்பு வெண்ணெய்போல் திரண்டு வந்தது. அக்காவே மணந்து பார்த்துவிட்டு, ஒரு விரல் எடுத்துப் புறங்கையில் தடவிக்கொண்டு போனாள். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கலியாணத்தன்று காலை முழுகிவிட்டு, முகத்தில் தாராளமாகப் பூசினேன். கண்ணாடியில் பார்த்தால் படத்தில் இருந்தவனேதான். பெண் வீட்டு வாசலில் அவளுடைய தம்பி என் காலைக் கழுவினான். பிறகு பன்னீர்ச் செம்பை எடுத்துக் கைதாராளமாய் என் முகத்தில் தெளித்தான். தெளித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“அத்தான், நெத்தியிலை என்னவோ நுரைக்குது!”

தேங்காயெண்ணெயின் அமிலத்தோடு சோடா சேர்ந்தால் வருவது சவுக்காரம், அதாவது சோப்பு, அதுவும் உவர்த் தண்ணீரில்கூட நன்றாக நுரைக்கிற சவுக்காரம் என்பதை நான் போன தவணைதான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருந்தேன். பிள்ளைகளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

அவன் தன் சால்வையால் துடைத்தான். துடைக்கத் துடைக்க நுரை பெருகியது. மணவறையில் ஓமத்தின் வெக்கை வேறு. வியர்வை வழிய வழிய நுரை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. எரிச்சல் தாங்காமல் கண்ணீர் கொட்டியது.

“பாவம், மாப்பிள்ளை அழுகிறார். தாய் தேப்பனை நினைச்சுப் போட்டார் போலை,” என்றாள் முன்வரிசைக் கிழவி ஒருத்தி. அவளோடு சேர்ந்து இன்னும் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

பெண்ணைக் கொண்டுவந்து பக்கத்தில் இருத்தினார்கள். அவள் ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தது மங்கலாகத் தெரிந்தது. உடனே தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ, சிரிக்கிறாளோ? சவுக்காரக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கெட்டிமேளம் முழங்கியது. தடவித் தடவித் தாலியைக் கட்டி முடித்தேன்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மேளச் சத்தம் அடங்குமுன் அவள் பக்கம் சாய்ந்து, மூக்கு நுனியில் தொங்கிய நுரையை ஊதிவிட்டுக் கேட்டேன்.

“என்னைப் பிடிச்சிருக்கோ உமக்கு?”

“முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ, பாத்துச் சொல்லுறன்.”