கமலவேணி டீச்சர் கலைத்த அணிவகுப்பு

கமலவேணி டீச்சர் காலமான செய்தி எங்கள் பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அனுப்பியவர் முன்னாள் தலைமையாசிரியர். மெழுகுவத்திப் படத்துக்குக் கீழே, "என் வழிகாட்டுதலில் ஒளிர்ந்த ஆசிரியை" என்று எழுதியிருந்தார். அதைவிடக் கேவலம், பழக்கதோஷத்தில் நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டேன்.

ஜொகூரில் ரெங்கம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் அவர் அறிவியலும் மாணவர் படைப் பயிற்சியும் பார்த்துக்கொண்டார். நான் கணித ஆசிரியன். அவரோடு வேலை செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: திடலில் "செடியா!" என மலாயில் நேராக நிற்கக் கட்டளையிட்டால் காக்கைகள் பறக்கும். அறிவியல் அறைக்குள் அதே டீச்சர் வாயே திறக்கமாட்டார். பிள்ளைகள் தாங்களே கைவிட்டுக் கிளறட்டும் என்று ஒதுங்கி நிற்பார்.

அந்த ஆண்டு அறிவியல் விழாவுக்கு ஆறாம் ஆண்டு மாணவி தாரணியும் தோழிகளும் பாட்டிலை வெட்டி, மணலும் கரியும் போட்டு ஒரு நீர்வடிகட்டி செய்தார்கள். ஓடைத் தண்ணீர் அதில் கொஞ்சம் கலங்கலாகவே இறங்கியது.

"வி.ஐ.பி. வராரு. இந்தச் சேத்துத் தண்ணியையா காட்டுறது?" என்றார் தலைமையாசிரியர்.

"கலங்கலா வந்தா என்ன சார்? ஏன் கலங்குதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியும் லா," என்றார் டீச்சர்.

எடுபடவில்லை. வடிகட்டி கழிப்பறைக்குப் பின்னால் போனது. ஜொகூர் பாருவிலிருந்து, கடையில் வாங்கிய பளபளக்கும் மாதிரிகள் வந்து இறங்கின. அவற்றில் பிள்ளைகளின் பெயரை எழுதி ஒட்டியவன் நான்தான்.

விழா நாளில் படைப் பிள்ளைகளுக்கு வரவேற்பு அணிவகுப்பு. பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பிரமுகர் பன்னிரண்டாகியும் வரவில்லை. கொளுத்தும் வெயிலில் அணியில் நின்ற தாரணி மயங்கிச் சரிந்தாள்.

"ஓரமா தூக்கிப் போடுங்க, கார் வந்திருச்சு!" என்றார் தலைமையாசிரியர்.

ஒரு பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னார். சாக்கு மூட்டையைச் சொல்வதுபோல. இன்றைக்கும் அந்தக் குரல் காதில் விழுந்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டே அணியைப் பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் நிழலுக்குப் போங்க! தண்ணி குடிங்க!" அணி கலைந்தது. பிரமுகர் வெறும் திடலில் வந்து இறங்கினார்.

அடுத்த வாரம் விசாரணை நடந்தது, டீச்சர்மீது. பிள்ளை விழுந்ததைப் பார்த்தீர்களா என்று என்னையும் கேட்டார்கள். "கவனிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். படையும் அறிவியலும் அவரிடமிருந்து பறிபோயின. பிறகு கெலாங் பாத்தாவில் வேறொரு பள்ளிக்கு மாற்றினார்கள்.

அவர் கிளம்பிய அன்று, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"என்கிட்ட எதுக்கு சார்? அந்தப் பிள்ளைகிட்ட கேளுங்க."

கேட்கவில்லை. வருடங்கள் ஓடின.

தெப்ராவில் டீச்சர் வீட்டு வாசலில் இறுதிச் சடங்கன்று முன்னாள் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார். கட்டொழுங்கு, அர்ப்பணிப்பு என்று அடுக்கிவிட்டு, "அந்த அறிவியல் விழாவை நானும் டீச்சரும் தோளோடு தோள் நின்னு நடத்தினோம்," என்றார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"பொய் சொல்லாதீங்க சார். புள்ள விழுந்தப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் என் காதால கேட்டேன்."

எல்லாரும் திரும்பினார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. "பாவம், உணர்ச்சிவசப்படுறாரு," என்று புன்னகைத்துவிட்டு மேலே பேசினார்.

வெளியே கூடாரத்தடியில் தாரணி நின்றிருந்தாள். இப்போது சிங்கப்பூரில் வேலை, விடுப்பெடுத்து வந்திருந்தாள். அந்த விழாவில் நான் செய்ததையும், பிறகு எழுதிக் கொடுத்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"லேபிள் ஒட்டினது நீங்கன்னு அப்பவே தெரியும் சார்."

"டீச்சர் சொன்னாங்களா?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. உங்க கையெழுத்து எங்களுக்குத் தெரியாதா?"

மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடமே போய்க் கேட்கச் சொன்ன அந்தக் கண்டிப்புதான் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது. அதையும் அவர் போன பிறகுதான் எடுத்துக்கொண்டேன்.