தைத்துப் பிரித்த கூலி

ஸ்ரீவில்லிபுத்தூர் நூர்னிசாவுக்குத் தீப்பெட்டி ஒட்டித்தான் பழக்கம். ஒட்டினால் கூலி, ஒட்டாவிட்டால் இல்லை. அதில் குழப்பமே கிடையாது. தொண்ணூற்றொன்றில் வந்ததே ஒரு திட்டம், அதில்தான் எல்லாக் குழப்பமும்! ராஜபாளையத்து நைட்டி கம்பெனியில் ஏழைப் பெண்களுக்குத் தையல் பயிற்சி, பழகும்போதே சம்பளம், பழகி முடித்தால் மிஷினில் நிரந்தர வேலை. புருஷன் போன பிறகு பிள்ளைகளோடு தனியாகக் கிடந்தவளுக்கு அந்த மிஷினை விட்டால் வேறு கதியில்லை.

பரிபூரணம் டீச்சர் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து நேராகத் தைக்கச் சொன்னாள். தைத்தாள்.

"இப்பப் பிரி."

பிரித்தாள்.

"மறுபடியும் தை."

நாள் முழுக்க இதே கூத்து. சனிக்கிழமை கையில் சம்பளம் வேறு! நூர்னிசாவுக்குத் தலை சுற்றியது. பிரித்துப் போட்ட தையலுக்கு எந்தக் கிறுக்கன் காசு கொடுப்பான்? இது ஹலாலான காசுதானா? கேட்கவும் பயம். கேட்டு, வேலைக்கே வராதே என்றுவிட்டால்?

அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓட, அவள் நின்று ஷெட்டைக் கூட்டினாள். வெட்டுத்துணியை மூட்டை கட்டினாள், தண்ணீர்ப் பானையை நிறைத்தாள். வாங்கிய காசுக்கு வேலை செய்தாயிற்று என்று மனசு ஆறியது. அங்கேதான் கோட்டை விட்டாள்.

பயிற்சி முடிந்த அன்று மேனேஜர் சௌந்தரபாண்டியன் ஒவ்வொருத்திக்கும் மிஷின் ஒதுக்கினார். நூர்னிசா பெயர் மட்டும் வரவில்லை.

"சார், எனக்கு?"

"ஒனக்கென்னம்மா, கூட்டிப் பெருக்க ஒன்னய விட்டா யாரு இருக்கா? நிரந்தரந்தான்."

"அப்ப இம்புட்டு நாளும் எனக்கு எதுக்கு சார் சம்பளம் தந்தீங்க?"

"தையல் பழகத்தான்."

"கூட்டுனதுக்கு?"

"ஒன்னய யாரும்மா கூட்டச் சொன்னா?"

யா அல்லாஹ்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். டீச்சருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அம்புட்டுப் பேருலயும் இவ தையல்தான் சார் நேரா ஓடுது. ஏட்டி, போய் அந்த மிஷின்ல உக்காரு."

மேனேஜர் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

மறுநாள் காலையில் ஷெட் முழுக்க வெட்டுத்துணி. வந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள், மேனேஜரும்தான். எழுந்தால் மிஷின் போய்விடும். எழாவிட்டால், கண்ணெதிரே குப்பை கிடக்க உட்கார்ந்து வாங்கும் காசு என்ன காசு? பாவி மனசுக்கு இன்னும் விளங்கவில்லை.

உட்கார்ந்தபடியே குனிந்து தன் காலடியில் கிடந்த துண்டுகளை மட்டும் பொறுக்கினாள். பிறகு பெடலை மிதித்தாள்.