கூடப்பிறந்தவர் யாரும் இல்லை

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை பார்த்ததால் அவரை எல்லோரும் வக்கீல் என்றே கூப்பிட்டார்கள். முதலாளி விளையாட்டாக வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. கண்ணாடி அறுப்பதிலும், மரச்சட்டத்தின் மூலைகளை இடுக்குத் தெரியாமல் சேர்ப்பதிலும் கை சுத்தம். ஆனால் அந்த வேலையை அவர் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. கடையை ஒட்டினாற்போல் பின்பக்கம் கழிப்பறை இருந்தது.

விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவருக்கு வயிறு நிற்காமல் போகும். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை வகுப்பு நடக்கும்போதே ஆகிவிட்டது. அன்றைய சிரிப்புச் சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு வாழ்க்கையையே கழிப்பறைக்குப் பக்கத்தில் அமைத்துக்கொண்டார். விசேஷ வீடுகளில் கதவோரம் உட்காருவார். நீண்ட பஸ் பயணம் என்றால் தலைவலி என்று படுத்துவிடுவார். மனைவி எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரியே இருந்துவிட்டாள். போதாததற்கு, மீசை அரும்பும் வயதிலேயே இரண்டு கண்ணிலும் புரை விழுந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. குதிகாலுக்கு மேலே தசைநாரில் கட்டி கட்டியாக வீங்கியிருந்ததை மறைக்க வெயில் காலத்திலும் பூட்ஸ்தான்.

அவருக்கு ஓர் அக்கா உண்டு. அம்மா அப்பா விட்டுப்போன வீட்டில், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். அவளுக்கும் இதே வயிறு, இதே கண். முப்பது வயதைத் தாண்டியதும் கால் தள்ளாட ஆரம்பித்தது. பிறகு நாக்கும் தடித்துப்போனது. தெருவில் போகிறவர்கள் குடித்திருக்கிறாள் என்றார்கள். ஒருநாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே கடை வாசலுக்கு வந்து நின்றபோது, கண்ணாடி வாங்க வந்தவர், "யாருங்க அது? காலையிலேயே இப்படி?" என்று கேட்டார்.

"யாரோ தெரியல. அடிக்கடி இந்தப் பக்கம் வருவாங்க" என்றார் வக்கீல்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போனாள். அதற்கப்புறம் கடைக்கு வரவே இல்லை.

அவருடைய கண்ணைப் பரிசோதித்த டாக்டர் ஒருவருக்குத்தான் பொறி தட்டியது. சின்ன வயதிலேயே புரை என்றதும் பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் குதிகால் கட்டியைப் பார்த்தார். அதோடு வயிறும் போகுமா என்று கேட்டார். யாரும் அவரிடம் அப்படி நேரடியாகக் கேட்டதில்லை. காது சிவந்துபோய்த் தலையாட்டினார். உடனே டாக்டர் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கட்டடத்தில் கீழ்த்தளம் பல். அடுத்த மாடி பித்தப்பைக் கல். உச்சியில்தான் பரம்பரையாக வரும் அபூர்வ நோய்கள். வீட்டிலும் கடையிலும் "பல் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். "எல்லாத்தையும் பிடுங்கிட்டா அப்புறம் எப்படி வாதாடுவே, வக்கீலே?" என்றார் முதலாளி.

ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது பெண் டாக்டர் ஒருவர் நிதானமாகச் சொன்னார். "உங்க கல்லீரலுக்குப் பித்தநீரைச் சரியா செய்யத் தெரியல. அதனால மெழுகு மாதிரி ஒரு கொழுப்பு கண்ணுல, குதிகால்ல எல்லாம் சேருது. விட்டா மூளையிலயும் சேரும். பித்தப்பைக் கல்லைக் கரைக்க முன்னாடி குடுத்த மருந்து ஒன்னு இருக்கு, அது இதுக்குக் கேக்குது. எவ்வளவு கேக்குதுன்னுதான் ஆராய்ச்சி பண்றோம்."

சுற்றிலும் மருத்துவ மாணவர்கள் நின்றார்கள். நோய் முற்றினால் நடை எப்படி ஆகும் என்று ஒருவன் தள்ளாடிக் காட்டினான். அசல் அக்கா நடை. யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"யாரும் இல்ல டாக்டர். நான் ஒரே பிள்ளை."

வாயில் அதுதான் வந்தது. அக்காவை இங்கே கூட்டிவந்து இவர்கள் முன்னால் நடக்கவிடுவதை நினைத்தாலே உடம்பு கூசியது. அவளுக்காகக் கூசியதா, தனக்காகவா என்று அவர் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

ஆராய்ச்சியில் சில மாதம் நிஜ மருந்து, சில மாதம் அதே மாதிரித் தெரியும் வெறும் மாத்திரை. எது எப்போது என்று டாக்டருக்கும் தெரியாது. வக்கீலுக்கு மட்டும் வயிறு சொல்லிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது அடங்கியது. மனைவியின் தங்கை ஊருக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார். "என்னங்க, ஒரு இடத்துலகூட இறங்கலையே!" என்று மனைவி வாயைப் பிளந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னால் அக்கா பேச்சு வரும். அதனால் பல் சரியானதும் வயிறும் சரியாகிவிட்டது என்று உளறிவைத்தார்.

அடுத்த முறை டாக்டர் அவரை நேர்க்கோட்டில் நடக்கவைத்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். "நீங்க அதிர்ஷ்டக்காரர். நடை போயிடுச்சுன்னா திரும்பக் கொண்டு வர்றது ரொம்பக் கஷ்டம். மேல மோசமாகாம நிறுத்தத்தான் பார்க்கலாம். அதனாலதான் எல்லார்கிட்டயும் கூடப்பிறந்தவங்களைப் பத்திக் கேக்கறோம்."

வக்கீல் படியிறங்கினார். கீழே பல் பகுதியின் பெஞ்சில், கன்னம் வீங்கியவர்களுக்கு நடுவே உட்கார்ந்தார். தான் மாத்திரை விழுங்கி நிம்மதியாகத் தூங்கிய நாட்களில் எல்லாம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு நடந்திருப்பாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பக்கத்திலிருந்த அம்மாள், "கடவாய்ப் பல்லா? ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றார்.

பிறகு எழுந்து மறுபடி மேலே போனார். "டாக்டர், எனக்கு ஒரு அக்கா இருக்காங்க. நடக்க முடியல. பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க இருக்காங்க?"

"எங்க வீட்டுலருந்து ரெண்டு தெரு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அவர் போனபோது, பல் கதை அக்கா வீடு வரை எட்டியிருந்தது. "பல்லு எப்படிடா இருக்கு?" என்று குழறலாகக் கேட்டாள் அக்கா. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"அங்க என்னை யாருன்னு சொல்லுவ?"

அவர் அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"காலும் நாக்கும்தான்டா போச்சு. காது அன்னிக்குக் கடை வாசல்லயும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் வந்தாள். அவளுக்கும் அதே நோய்தான். நோய் முற்றியிருந்ததால் வெறும் மாத்திரை எல்லாம் இல்லாமல் நேராக மருந்தே கொடுத்தார்கள். சீக்கிரமே வயிறு நின்றது. தள்ளாட்டம் நிற்கவில்லை, கூடவும் இல்லை. இழந்த மாதங்களால் பெரிய வித்தியாசம் வந்திருக்காது என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். அதை நம்பவும் வக்கீலுக்கு மனம் வரவில்லை, நம்பாமலிருக்கவும் தைரியம் இல்லை.

இப்போது அக்கா அவர்களோடுதான் இருக்கிறாள். சாயங்காலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வரை நடப்பாள். யார் கேட்டாலும் "எங்க அக்கா" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். ஆனாலும் எதிரே வருகிற யாராவது உற்றுப் பார்த்தால் முகத்தில் சூடு ஏறத்தான் செய்கிறது. இன்னும் இப்படியா என்று தன்மீதே அருவருப்பு வருகிறது. அவரை அறியாமல் பிடி இறுகிவிடுகிறது.

"கையை விட்டுத் தொலைக்காதே, ஆனா நசுக்காதடா, வலிக்குது" என்கிறாள் அக்கா.